காத்திருக்கும் கரை

மனிதன் தன் ஆயுளில் தூங்கிக் கழித்த காலம் எவ்வளவு, உழைத்துக் கழித்த காலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் சும்மா உட்கார்ந்து எதையோ எதிர்பார்த்துக் கழித்த காலம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ரயிலடியில் காத்திருந்த நேரம், ரேஷன் கடை வாசலில் நின்ற நேரம், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நம் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம், தாலூகா கச்சேரித் திண்ணையில் "ஐயா இன்னும் வரவில்லை" என்ற பதிலைக் கேட்டுக் கொட்டாவி விட்ட நேரம், இவற்றையெல்லாம் கூட்டினால் வருஷக்கணக்காகும். இருந்தாலும் அந்தக் காலம் எவருடைய சரித்திரத்திலும் ஏறுவதில்லை. சரித்திர ஆசிரியர்கள் நடந்ததை எழுதுவார்கள். ஒன்றும் நடக்காமல் இருந்ததை எழுதமாட்டார்கள்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைத்தது போட்டோப் படம்தான். 1838ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரரான தாகேர் என்பவர் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைத் தம்முடைய புதிய கருவியால் படம் பிடித்தார். அந்தக் காலத்துத் தகட்டில் உருவம் பதிவதற்குப் பல நிமிஷங்கள் பிடிக்கும். வீதியில் வண்டிகளும் குதிரைகளும் ஜனங்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஓடினவர்கள் ஒருவரும் படத்தில் விழவில்லை. நடைபாதையோரத்தில் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரு காலை உயர்த்தி வைத்து நின்ற ஒரு மனிதனுடைய உருவம் மாத்திரம் தெளிவாகப் பதிந்தது. போட்டோவில் அகப்பட்ட முதல் மனிதன் அவன்தான் என்று சொல்லுகிறார்கள். அவன் செய்த காரியமெல்லாம் பேசாமல் காத்துக்கொண்டு நின்றதுதான்!

நம் வீட்டுக் கூடங்களில் மாட்டியிருக்கும் பாட்டனார் பாட்டிமார் படங்களைப் பாருங்கள். கை முழங்காலில் இருக்கும். கண் கொட்டாமல் விழித்திருக்கும். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இராது. அவர்கள் சுபாவத்திலேயே கடுகடுப்பானவர்கள் என்று பேரப் பிள்ளைகள் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில் அவர்கள், "ஆயிற்று, இனி அசையலாம்" என்று படமெடுப்பவர் சொல்லும் வார்த்தைக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

போட்டோ வருவதற்கு முன்பும் நம் ஜனங்கள் தங்கள் பொழுது போகாமையைப் பதிந்து வைக்காமல் இல்லை. தமிழ் நாட்டுப் பழைய கோயில்களிலும் மண்டபங்களிலும் கல் தளத்தைக் கவனித்துப் பார்த்தால், ஆடு புலி ஆட்டத்துக்குரிய கட்டங்களும் பல்லாங்குழிகளும் செதுக்கியிருப்பது பல இடங்களில் கண்ணுக்குப் படும். நடை திறப்பதற்காகவோ, மழை விடுவதற்காகவோ, எதற்காகவோ காத்திருந்தவர்களுடைய கைவேலை அது. மேலே விதானத்தில் சிற்பி வேலை செய்தான். கீழே தரையில் சலிப்பு வேலை செய்தது!

பாலத்தின் இரு பக்கமும்

தமிழ் நாட்டில் காத்திருத்தல் என்பதை ஒரே இடத்தில் பல ரூபங்களில் பார்க்க விரும்புகிறவர்கள், மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரையில் ஒரு முறை பிரயாணம் செய்ய வேண்டும். நிலம் முடிந்து கடல் ஆரம்பமாகும் இடம் அது. அங்கே போய்ச் சேருகிறவர்கள் மேலே போவதற்கு எதையாவது எதிர்பார்த்தே தீர வேண்டும்.

முதலில் பாம்பன் பாலம். 1914ஆம் வருஷம் பிப்ரவரி 24ஆம் தேதி அது திறக்கப்படுவதற்கு முன்னால், ராமேசுவர யாத்திரிகர்கள் படகுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். பாலம் வந்த பிறகு ரயில் காத்திருக்க ஆரம்பித்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அடித்தால் சிவப்பு விளக்கு விழுந்துவிடும். ரயில் கரையிலேயே நிற்கும். கப்பல் வந்தாலோ பாலத்தின் நடுப் பகுதியை இரண்டாகப் பிளந்து மேலே தூக்க வேண்டும். ஆட்கள் நின்று கையால் சக்கரத்தைச் சுழற்றித்தான் அந்த இரும்பு இறக்கைகளைத் தூக்கினார்கள். அது வரையில் கப்பல் காத்திருக்கும். பிறகு இறக்கைகள் இறங்கும் வரையில் ரயில் காத்திருக்கும்.

2022ஆம் வருஷக் கடைசியில் அந்தப் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப் பகுதி அப்படியே செங்குத்தாக மின்சார விசையால் மேலே எழும்புகிறது. கை வலிக்கச் சக்கரம் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

1988 முதல் கடலின் மேல் மோட்டார்ப் பாலமும் இருக்கிறது. அதன் நடுவில் எந்த நாளும் ஒரு கூட்டத்தைக் காணலாம். குழந்தை குட்டிகளுடன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லோர் கையிலும் கைபேசி படமெடுக்கத் தயாராக இருக்கும். ரயில் வந்து மெதுவாக ஊர்ந்து போகும். நூறு படங்கள் எடுக்கப்படும். அத்தனை படங்களிலும் ரயில் இருக்கும். அதற்காக வெயிலில் காத்திருந்த முகங்கள் ஒன்றிலும் இரா. காமிராவை ரயிலுக்கு எதிர்ப்புறமாகத் திருப்புகிறவர் ஒருவர் இருந்தால், அவருக்குத்தான் அங்கே நல்ல படம் கிடைக்கும்.

யாத்திரிகரும் மீனவரும்

ராமேசுவரம் கோயிலில் காத்திருத்தல் ஈரத் துணியோடு நடைபெறுகிறது. கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஆள் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்ற வேண்டும். வடக்கேயிருந்து வந்த சேட்டும் தெற்கேயிருந்து வந்த குடியானவரும் சொட்டச் சொட்ட நனைந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நம் தேசத்தின் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்பதைக் காட்டிலும் அந்த வரிசையில் பத்து நிமிஷம் நிற்பது மேல். அங்கே முகங்களில் சலிப்பு அதிகமாகத் தெரிவதில்லை. வரிசை நகர்கிறது, முடிவில் தரிசனம் நிச்சயம் என்ற நம்பிக்கை இருக்கிறதல்லவா? காத்திருத்தல் கசப்பாவது அதன் நீளத்தினால் அல்ல, முடிவு தெரியாமையினால்தான்.

மீன்பிடித் துறைக்குப் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை. அந்த நாட்களில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. மீனவர்கள் வலையைப் பின்னுகிறார்கள், படகுக்கு வர்ணம் பூசுகிறார்கள், நிழலில் சீட்டாடுகிறார்கள். கையில் காசு ஓட்டம் குறைந்தாலும், ஜூன் 15 என்று ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியை நினைத்துக்கொண்டு மனிதன் பொறுத்துக்கொள்கிறான்.

ஆனால் தேதி இல்லாத காத்திருத்தலும் அதே கரையில் உண்டு. 1974ஆம் வருஷ ஒப்பந்தத்தினால் கச்சத்தீவு இலங்கையைச் சேர்ந்தது. 1976இல் மற்றும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கடலில் கோடு கிழிக்கப்பட்டது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. இருட்டில் மீனைத் தொடர்ந்து போகிறவனும் அதை மறந்துவிடுகிறான். அக்கரையிலுள்ள தமிழ் மீனவர்களோ தங்கள் பிழைப்பை இழுவை வலைகள் அழித்துவிடுகின்றன என்று முறையிடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இவ்வழக்கு தீராத வரையில், பிடிபட்ட படகிலிருந்த மனிதர்களின் வீட்டுப் பெண்கள் கரையிலே காத்திருக்கிறார்கள். விடுதலை இன்றைக்கா, அடுத்த மாதமா என்று சொல்லுவார் இல்லை.

முகவரி இழந்த ஸ்டேஷன்

தனுஷ்கோடியில் இப்போது ரயில் ஸ்டேஷனின் இடிந்த சுவர்கள்தான் இருக்கின்றன. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினவர்கள் இங்கே வந்து இறங்கி, தலைமன்னார் போகும் நீராவிக் கப்பலுக்காகப் பெட்டி படுக்கைகளுடன் காத்திருப்பார்கள். அக்கரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயல் ஊரையும், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பாஸஞ்சர் ரயிலையும் கடலுக்கு இரையாக்கியது. ரயிலிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரின் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டு நம்மவர்கள் உலகத்தை வியக்கச் செய்தார்கள். தனுஷ்கோடிக்கு மாத்திரம் ரயில் திரும்பவேயில்லை. இப்போது தார்ச் சாலை வழியாக வரும் உல்லாசப் பிரயாணிகள், பயணிகள் காத்திருந்த அதே இடத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மண்டபம் முகாம்

திரும்பி வரும் வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. முகாமின் பெயரிலேயே ஒரு ரயில் ஸ்டேஷனும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைச் சர்க்காரின் நிர்வாகத்தில் இருந்த இடம் இது. தேயிலைத் தோட்டங்களுக்கென்று கங்காணிகள் திரட்டிக் கொண்டுவந்த நம் ஏழைக் குடியானவர்களை இங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, உடம்பில் நோய் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சில நாட்கள் கழித்துத்தான் கப்பலேற்றுவார்கள். ஊரை விட்டாயிற்று, போகும் ஊர் எப்படி இருக்குமென்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்த இடம் மண்டபம்.

அவர்கள் வளர்த்த தேயிலை உலகமெங்கும் போயிற்று. ஆனால் 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷத்திலேயே வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக ஆக்கிவிட்டது. 1964ஆம் வருஷத்து சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "பிறகு" என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் ஒன்றரை லட்சம் ஆத்மாக்கள் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். 1974இல்தான் அவர்களைச் சரி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுத் தீர்வு ஏற்பட 2003 வரையில் சென்றது. தாயகம் திரும்பியவர்களில் மிகப் பலர், தங்கள் பாட்டன்மார் புறப்பட்டுப் போன இந்த மண்டபம் வழியாகவே திரும்பி வந்தார்கள்.

1983ஆம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள் வேறு வகையினர். போருக்கு அஞ்சி ஓடி வந்த அகதிகள். 2009இல் போர் முடிந்தது. ஆனாலும் திரும்பிப் போக வீடில்லாதவர்களும் மனமில்லாதவர்களும் முகாம்களிலேயே இருக்கிறார்கள். 2021இல் தமிழ் நாட்டுச் சர்க்கார் இவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று கௌரவமான பெயர் கொடுத்தது. பெயர் மாறினாலும் பிரஜா உரிமைக்காகக் காத்திருப்பது மாறவில்லை.

சட்டத்தைச் சற்றுப் பாருங்கள். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு நிபந்தனை இன்னும் கடினம். ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காள் பிரஜையாகவும் தம்பி அன்னியனாகவும் இருக்கக்கூடும். 2019ஆம் வருஷத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானம், வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களில் சில மதத்தினருக்கு வழி செய்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

1947இல் பிரெஞ்சுப் படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் குருக்ஷேத்திரத்தில் எடுத்த படம் ஒன்று உலகப் பிரசித்தமானது. பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த லட்சக்கணக்கானோர் அங்கே முகாமில் இருந்தார்கள். படத்தில் ஆண்கள் வெட்டவெளியில் கையை உயர்த்தித் தேகப்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். வேறு வேலையில்லை, சோர்வும் மனக்கசப்பும் ஆளைத் தின்றுவிடாமல் இருப்பதற்காக அந்தப் பயிற்சி. வெறுமையின் கனம் எவ்வளவு என்பதை அந்த உயர்த்திய கைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஆனால் குருக்ஷேத்திரத்து மனிதர்களின் காத்திருத்தலுக்கு முடிவு இருந்தது. அவர்களுக்கு நிலமும் வீடும் தொழிலும் தேடிக் கொடுப்பது தன் கடமை என்று புதிய பாரத தேசம் ஒப்புக்கொண்டது; அவர்கள் பிரஜைகளானார்கள். சில வருஷங்களில் அந்த முகாம் பழங்கதையாயிற்று.

மண்டபத்திலுள்ளவர்களுக்கும் இன்று போட்டோ உண்டு. அடையாள அட்டையில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு முகம் அது. குழந்தையாக வந்தவருக்கு இப்போது தலை நரைத்திருக்கிறது. அட்டையில் படம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. படத்துக்கு மேலே அச்சிட்டிருக்கும் நிலைமை மட்டும் மாறவில்லை. நாம் ஒரு ரயில் அரை மணி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைச் சண்டைக்கு இழுக்கிறோம். காத்திருக்க வைப்பது அதிகாரம். காத்திருப்பது எளியவர்களுடைய தலைவிதி என்பது அன்னிய ஆட்சியின் சாஸ்திரம். அதை மாற்றுவதற்காகத்தான் ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள். மீனவனுக்கு ஜூன் 15 என்று சொல்ல முடிகிற சர்க்காருக்கு, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கும் ஒரு தேதி சொல்ல முடியாதா? முடியும். அந்தத் தேதியைச் சொல்லும்படி கேட்க வேண்டியது வோட்டு உள்ளவர்களாகிய நம்முடைய பொறுப்பு. ஏனெனில், அவர்களுக்கு வோட்டு இல்லை.