பலன்

“இதனால் என்ன பலன்?” பெண்ணுக்காகப் பணம் எடுக்கும்போது தவறாமல் எழும் கேள்வி இது. மேலே படிக்க வைத்தால் என்ன பலன் என்று தொடங்கும். அவள் நோயில் விழுந்த பிறகும் ஓயாது. என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியிருப்பது தெரிந்த நாளில், மருத்துவமனை வராந்தாவிலேயே அது என் காதில் விழுந்தது. “குணமாகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்குக் கரண்டு வெக்கறது?” கேட்டவர் அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன். அம்மா மேல் பாசம் உள்ளவர். தறிக் கடனும் உள்ளவர்.

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் ‘கரண்டு வைப்பது’ என்றுதான் சொல்வார்கள். நோயை வேரோடு ஒழிப்பதற்காக வாரக்கணக்கில் வைப்பது ஒரு வகை. நோய் போகாது என்று தெரிந்தும், வலியைத் தணிக்கவும் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் விழுந்துவிடாமல் காக்கவும் குறைந்த அளவில் வைப்பது இன்னொரு வகை. பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது. வலிக்காமல் இருப்பதுதான் அதன் பலன். அந்தப் பலன் முழுக்க முழுக்க அந்த உடம்புக்குரியவளுக்கே போய்ச் சேரும். அதனால்தானோ என்னவோ, அது பலனாகவே யார் கண்ணிலும் படவில்லை.

பெரியம்மா இளம்பிள்ளையில் நாற்பது வருஷம் தார் சுற்றியவர். 58 வயதில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து வருஷம் கழித்து முதுகு வலித்தது. தறி வீட்டில் முதுகு வலிக்காத பெண் யார்? ராட்டை முன் உட்கார்ந்த வலி, மூன்று பிள்ளை பெற்ற வலி, வயசான வலி என்று ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது. தைலம் தேய்த்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை விழுங்கி, பெல்ட் கட்டி நான்கு மாதம் ஓடியது. நம் வீடுகளில் முதுகுவலி என்பது பெண்ணின் சுபாவம் போல ஆகிவிட்டது.

இந்த வலிக்கு வேறு முகம் உண்டு. படுத்தால் குறையாது, இரவில் கூடும், ஒரே இடத்தில் நின்று நாளுக்கு நாள் ஏறும். மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, புராஸ்டேட் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்பைத் தேடிப் போகக்கூடியவை. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வுகள் இல்லாததால் ரத்தம் இரு திசையிலும் ஓட முடியும் என்று 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் விளக்கினார். மார்பிலிருந்து முதுகுக்கு நோய் செல்லும் பாதைகளில் அதுவும் ஒன்று. முன்பு மார்பகப் புற்றுநோய் வந்த பெண், விடாமல் முதுகு வலிக்கிறது என்றால் தைலத்துக்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்குவதுபோல் வலிப்பது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்த பிறகு வந்தவர்களில் மீண்டும் நடப்பவர்கள் சிலரே. ஒண்ணுக்குப் போவதைப் பற்றி மகனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு தாய் தயங்கும் ஓர் இரவுக்குள் அவள் கால்கள் போய்விடலாம்.

நான் குடியிருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் மருந்துக்கடைகளும் நெருக்கியடிக்கும் பகுதி. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று பல ஊர்களிலிருந்து பெரிய ஸ்கேன் கவர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடிந்ததும் வந்து இறங்குகிறார்கள். நோயாளி ஆண் என்றால் கூட மனைவி இருப்பாள். நோயாளி பெண் என்றால் மகளோ மருமகளோ தங்கையோ இருப்பாள். டாக்டர் அறைக்குள் பேசுவதற்கு மட்டும் ஓர் ஆண் வந்து சேர்வார்.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் டி10, எல்2 என்ற இரண்டு எலும்புகளில் நோய் தெரிந்தது. டாக்டர் அண்ணனை மட்டும் அழைத்துப் பேசினார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார் வெளியே வந்த அண்ணன். பெஞ்சில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்த பெரியம்மா என்னைப் பார்த்து, “என்ன கண்ணு சொன்னாங்க?” என்றார். நான் சொன்னேன். குணமாகாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “வலிக்கறது எனக்குத்தான? என்னைய உள்ள கூட்டிட்டுப் போ” என்றார்.

இந்த முறை பேசியது அவர். டாக்டரும் பொறுமையாகப் பதில் சொன்னார். தண்டுவடம் இன்னும் நசுங்கவில்லை என்பதால் பத்து நாள் பிரித்தும் வைக்கலாம், 8 கிரே அளவில் ஒரே நாளிலும் முடிக்கலாம். கிரே என்பது உடல் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்படி வைத்தாலும் சுமார் 100க்கு 60 பேருக்கு வலி குறைகிறது. ஒரே நாளில் முடித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய 100க்கு 20 பேருக்குப் பின்னால் மறுபடி வைக்க வேண்டிவருகிறது. பல நாள் வைத்தவர்களில் அது 8 பேர். “பத்து நாளைக்கு எங்கூட யாரு பஸ்ஸுல வருவா? ஒரு நாள் போதுங்க. மறுபடி வலிச்சா மறுபடி வெச்சுக்கறேன்” என்றார் பெரியம்மா. பிறகு, ஷாக் அடிக்குமா, முடி கொட்டுமா, பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்டார். ஷாக் அடிக்காது. முதுகில் வைப்பதால் தலைமுடி கொட்டாது. வெளியிலிருந்து பாயும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். குனிந்து தூக்கத்தான் கூடாது, எலும்பு தாங்காது. வீட்டில் அவருக்கு அதுவரை தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருந்தார்கள். அன்றோடு அது நின்றது.

கதிர் பாயும் சில நிமிடங்களில் எதுவும் தெரியாது. அந்தக் கடினமான பலகையில் அசையாமல் மல்லாந்து கிடப்பதுதான் கொடுமை. அரை மணி முன்பே வலி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். முதுகில் வைத்த மைப் புள்ளிகளை அழிக்காமல் இருக்கச் சொன்னார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு ஆகவில்லை. அன்று என் வீட்டுக்கு வந்தவர் மூன்று வாரம் தங்கினார். முதல் இரண்டு நாள் குமட்டல். மூன்றாம் நாள் வலி கூடியது. அப்படிச் சிலருக்குக் கூடித் தணியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே குளியலறைக்குப் போய்வந்தார். யாரையும் எழுப்பவில்லை. காலையில் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

இடைப்பட்ட நாட்களில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தோம். போதை மருந்தாயிற்றே, பழகிவிடுமே என்றார் பார்க்க வந்த உறவினர் ஒருவர். “மூணு பிரசவ வலியத் தாங்குனவ, இதத் தாங்க மாட்டாளா?” என்றார் இன்னொருவர். முன்பு தாங்கியதையே இப்போதும் தாங்குவதற்கான காரணமாக்குவது எவ்வளவு எளிதாக இருக்கிறது! புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் உரிய அளவில் கொடுக்கும் மார்ஃபின் அடிமையாக்குவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகளே இதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014இல் வந்த திருத்தம் அனுமதி முறையை எளிதாக்கியது. சட்டம் தளர்ந்த அளவுக்கு நம் மனம் தளரவில்லை.

சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது அதில் இருந்தவை 12 படுக்கைகள். இன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்கள். இளம்பிள்ளைக்கும் ஒரு செவிலியர் வந்தார். புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார். குளிப்பாட்டியது, துணி மாற்றியது, இரவில் விழித்தது எல்லாம் அண்ணிதான். பெரியம்மா நடந்தால் அண்ணியின் பாரம் குறையும் என்று கேட்டபோதுதான் அண்ணனுக்கு இந்தச் சிகிச்சை நியாயமாகப் பட்டது. அதுவும் உண்மைதான். ஆனால் அண்ணிக்கு ஒரு பலனும் இல்லாமல் போயிருந்தாலும் பெரியம்மாவுக்கு அது கிடைத்திருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பெரியம்மா எட்டு மாதம் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்தார், பேரனுக்குக் கதை சொன்னார், கோயில் வரை இரண்டு தடவை நடந்தார். தேறிவிட்டாரே, உட்கார்ந்த இடத்தில் நாலு தார் சுற்றலாமே என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். “கரண்டு வெச்சது எனக்குக் கண்ணு, தறிக்கு இல்லன்னு சொல்லிட்டேன்.” அந்த எட்டு மாதத்தில் அவர் ராட்டையைத் தொடவே இல்லை.