இடைவெளி

விடைத்தாளில் நான் சிவப்பு மையால் அடித்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும்.

கேள்வி வழக்கமானதுதான். ஒரே மையம் கொண்ட இரண்டு உலோகக் கோளங்கள். வெளிக்கோளத்தின் ஆரம் உள்கோளத்தைப் போல இரண்டு மடங்கு. அது தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. உள்கோளத்துக்கு மின்னூட்டினால் சேரும் ஆற்றல் எவ்வளவு?

பையன் மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கிப் பாதியாக்கியிருந்தான். பிறகு வகுப்பில் நான் சொன்ன வழியிலும் செய்திருந்தான். ஆற்றல் அடர்த்தி புலச்செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. உள்கோளத்தை ஒட்டி இருப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் வெளிக்கோளத்தருகில். மெல்லிய ஓடுகளாகப் பிரித்துக் கூட்டினால், இடைவெளியின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே பாதி ஆற்றல் அடங்கிவிடுகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை. கீழே எழுதியிருந்தான்: 'ஆற்றல் எங்கே இருக்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை.'

அதிகப்பிரசங்கித்தனம் என்று அடித்தேன். 'இடைவெளியில்' என்று ஓரத்தில் எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன்.

1837இல் ஃபாரடே லண்டனில் இதே மாதிரிப் பித்தளைக் கோளங்கள் இரண்டு ஜோடி வைத்துச் சோதித்தார். ஒன்றின் இடைவெளியில் காற்று. மற்றதன் கீழ்ப்பாதியில் அவலரக்கு. ஒன்றுக்கு மின்னூட்டி மற்றதோடு தொடவைத்தபோது அவை சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அரக்கு இருந்தது அதிகம் எடுத்துக்கொண்டது. நடுவில் இருப்பதற்கும் பங்குண்டு என்று கணிதம் படிக்காத அந்தப் புத்தகக் கட்டுநர் கண்டார். 1873இல் மாக்ஸ்வெல் ஆற்றலை ஊடகத்திலேயே வைத்தார்.

எல்லாம் சரி. ஆனால் அசையாத மின்னூட்டத்தில், ஆற்றலை உலோகத்தின் கணக்கில் எழுதினாலும் இடைவெளியின் கணக்கில் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றே. இடைவெளிக்குச் சாட்சி சொல்ல, 1888இல் ஹெர்ட்ஸ் காட்டிய அலை வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கிளம்பி மற்றோரிடம் சேரும்வரை அதன் ஆற்றல் எந்த உலோகத்திலும் இல்லை. கோள மின்தேக்கி அந்தச் சாட்சி அல்ல. பையன் எழுதியது சரி.

இது எனக்கு உறைத்தபோது அவன் கல்லூரியை விட்டுப்போய் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் நான் சிறுபத்திரிகைகளில், கவிதை சொற்களில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். நண்பர்கள் நிரூபணம் கேட்டால் ஒரு கவிதையை எடுத்து வாசித்துக் காட்டுவேன். என் வாசிப்பு ஒத்துவரும். ஒத்துவந்ததையே நிரூபணம் என்று நினைத்தேன். சொற்களை மட்டும் நம்பிய நண்பருக்கும் அதே கவிதை ஒத்துத்தான் வந்தது.

அரை மதிப்பெண் பெரிய விஷயமில்லை. அந்தப் பையன் அதற்கப்புறம் எந்த விடைத்தாளிலும் கேட்டதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. கவனித்தேன். திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.