இடுப்புக்குக் கீழே

கோவில்பதாகையையும் ஆவடியையும் சுற்றி வந்தால், சீருடை வேலை எத்தனை வீடுகளின் கனவு என்பது தெரியும். டேங்க் தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், சிறப்புக் காவல் படை என்று கண்ணெதிரே அந்த வாழ்க்கை நடக்கிறது. அதை எட்டும் வழிகளில் ஒன்று விளையாட்டு ஒதுக்கீடு. அதனால் மாலையில் கிளவுஸ் மாட்டும் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பொழுதுபோக்கு அல்ல, பிழைப்புக்கான தொழிற்பயிற்சி. ஆவடியில் ரயில் ஏறினால் அதே பாதையில் பெரம்பூர், வியாசர்பாடி. அதுவே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிய வடசென்னை. 1994-இல் பாங்காக்கில் நடந்த குத்துச்சண்டை உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி. தேவராஜனும் சென்னைக்காரர்தான். இவ்வளவு வேர் ஓடிய தொழிலில், பயிற்சி நடக்கும் இடங்களில் அதிகம் காதில் விழும் கட்டளை ‘இடுப்பைத் திருப்பு’ என்பது. அது பாதி உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் பல பிள்ளைகளின் குத்து வருடக்கணக்கில் கனக்காமல் நிற்கிறது.

குத்துப்பையில் (பேக்) குத்துகிறவரின் கையைப் பார்க்காமல் பின்காலைப் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர் வலக்கை நேர்க்குத்தான ‘கிராஸ்’ போடும்போது, தேறியவராக இருந்தால், வலது பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தள்ளும். குதிகால் எழும்பி வெளிப்பக்கம் போகும், முழங்கால் உள்ளே திரும்பும், அதற்குப் பிறகே இடுப்பு வரும். இடுப்பு கிளம்பிய பின்னும் தோள் ஒரு கணம் பின்தங்கி நிற்கும். அந்த இடைவெளியில் விலாவைச் சுற்றியுள்ள தசைகள் இழுபட்டு, பிறகு தோளைச் சுண்டிவிடும். முஷ்டி கடைசியாகத்தான் போய்ச் சேரும். இதே நேரத்தில் முன்கால் செய்யும் வேலை கண்ணுக்கு எளிதில் படாது. அது விறைத்து ஊன்றி, முன்னே வரும் உடம்பைச் சட்டென்று தடுக்கிறது; தடுக்கப்பட்ட வேகம் மேலே ஏறிக் கைக்குப் போகிறது. முன்கால் தொளதொளத்தால் உடம்பே குத்தோடு சேர்ந்து முன்னால் சரிந்துவிடும். குத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பேக்கும் காட்டிக்கொடுக்கும். கையால் தள்ளினால் அது ஊஞ்சல் போல ஆடும். தரையிலிருந்து வந்த குத்து விழுந்தால் அவ்வளவாக ஆடாது. குத்து பட்ட இடத்தில் குழிந்து, மேலே சங்கிலி குலுங்கும்.

இதற்கு அளந்து பார்த்த சான்றும் உண்டு. சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் அவருடைய குழுவினரும் வலக்கை நேர்க்குத்தின் விசை எங்கிருந்து வருகிறது என்று வீரர்களைத் தரம் பிரித்துக் கணக்கிட்டார்கள். 1985-இல் ஆங்கிலத்தில் வெளியான அந்த முடிவுப்படி, உயர்தர வீரர்களிடம் காலின் பங்கு ஏறக்குறைய 38 சதவீதம், உடல் சுழற்சியின் பங்கு 37, கையின் பங்கு 24. கீழ்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 16 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. உடல் சுழற்சியோ 45, கை 38. இந்த எண்களைச் சொல்லி ‘இடுப்புதான் எல்லாம்’ என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கூர்ந்து பார்த்தால் கதை வேறு. புதியவர்கள் ஏற்கெனவே உடம்பைத் திருப்புகிறார்கள், தேறியவர்களைவிட அதிகப் பங்காகவே. அவர்களிடம் இல்லாதது கால். அப்படியிருக்க, ‘இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு’ என்று கத்துவது இருப்பதையே மறுபடி கேட்பதாகும். பாதம் தரையில் ஒட்டியிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழங்காலிலும் அடிமுதுகிலும் போய் விழும். இடுப்பு, விசை கடந்துபோகும் வழி. விசை பிறக்கும் இடம் பாதத்துக்கு அடியில் இருக்கிறது.

இதை மறுக்க வலுவான கேள்வி ஒன்று உண்டு. 2005-இல் வெளியான வாலில்கோ குழுவின் ஆய்வு ஏழு ஒலிம்பிக் வீரர்களின் நேர்க்குத்தை அளந்தது. சராசரி விசை 3,427 நியூட்டன், முஷ்டியின் வேகம் நொடிக்கு 9.14 மீட்டர். ஆனால் மோதலில் பங்கெடுத்ததாகக் கணக்கான நிறை 2.9 கிலோ மட்டுமே. அது ஏறக்குறைய ஒரு கையின் எடை. அப்படியானால் ‘உடம்பின் எடையைக் குத்தில் ஏற்று’ என்பது வெறும் பேச்சா? எடை அந்தக் கணத்தில் போய் மோதுகிறது என்று எடுத்துக்கொண்டால், ஆம். ஆனால் காலும் இடுப்பும் தங்கள் வேலையை மோதலுக்கு முன்பே முடித்துவிடுகின்றன. அந்த வேலைதான் முஷ்டியின் வேகமாக மாறியிருக்கிறது. அந்த ஒன்பது மீட்டர் வேகத்தைத் தோளும் முழங்கையும் தனியாக உண்டாக்குவது கடினம். மோதும் கணத்தில் மணிக்கட்டு மடங்காமல் விறைத்திருந்தால் போதும், சேர்த்துவைத்தது வீணாகாது.

இன்னொரு மறுப்பு களத்திலிருந்து வருவது: அவ்வளவு சுழன்றால் தாமதமாகும், எதிராளிக்குத் தெரிந்துவிடும், முகத்தைக் காக்கும் கார்டு திறந்துவிடும். பயிற்றுநர்கள் சிலர் இப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வந்த கணினிப் புள்ளி முறையில், ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. குத்து தெளிவாகப் படுவதே முக்கியம், எவ்வளவு கனமாகப் பட்டது என்பதற்குத் தனி மதிப்பில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் தொட்டுவிட்டு விலகும் கைக்குத்தைக் கற்பித்ததில் தவறில்லை. ஆனால் 2013-இல் அந்த முறை போய், சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறை வந்துவிட்டது; சுற்றில் யார் தரமான குத்துகள் விட்டார், யார் ஆதிக்கம் செலுத்தினார் என்பதை நடுவர் பார்க்கிறார். சுழற்சி அளவோடு இருந்தால் கார்டும் திறப்பதில்லை. கிராஸ் போட்டு முடித்த இடுப்பு அடுத்து இடக்கையை வளைத்து விடும் ஹூக்குக்குத் தயாராக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இம்முறை முன்பாதம் திரும்ப, உடம்பு அவிழ்ந்து வருகிறது. கையால் மட்டும் குத்துகிறவர் ஒவ்வொரு குத்துக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். இடக்கை நேர்க்குத்தான ஜாப்புக்கு இவ்வளவு திருப்பம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் கால் வேண்டும்: குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி 1950-இல் எழுதிய நூலில் ஜாப்புக்கு அவர் சொன்னது முன்னால் விழுவது போன்ற ஓர் அடி, அங்கே இடுப்புச் சுழற்சியைவிட உடம்பு முன்னேறுவதே பெரிது.

சிலம்பத்தில் கம்பைக் கொடுக்கும் முன் காலடி சொல்லிக்கொடுப்பது நம் ஊர் வழக்கம். அந்த வரிசை குத்துச்சண்டைக்கும் பொருந்தும். கிளவுஸ் போடும் முன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்பாதத்தைத் தள்ளித் திருப்புவதை மட்டும் பழக்கலாம். பேக்குக்கு முன்னால் நிற்கும் நாளில் கை தானாக வரும். இப்படிப் பழக்க நல்ல தரை வேண்டும். மணலில் பாதம் புதைந்து தள்ளும் விசை வீணாகிறது. சொரசொரப்பான சிமெண்டில் பாதம் திரும்ப மறுத்து முழங்கால் வாங்கிக்கொள்கிறது. ஓர் இடத்தில் குத்துச்சண்டை தொடங்க நிதி கேட்கிறவர்கள் முதலில் பேக்கும் கிளவுஸும்தான் பட்டியலிடுகிறார்கள். பிறகு கயிறு கட்டிய ரிங். ஆவடி போன்ற இடங்களில் கிடைப்பது சொற்பப் பணம் என்றால், பட்டியலின் முதல் வரியில் பலகைத் தரை, அதன் மேல் கெட்டியான விரிப்பு, அதை இறுக்கிக் கட்டிய கேன்வாஸ் இருக்க வேண்டும். கம்பமும் கயிறும் அடுத்த ஆண்டு வரட்டும்.