பைபிளிலேயே குட்டி வசனம்

பள்ளிக்கூடத்தில் மாரல் சயின்ஸ் வகுப்பில் ஆளுக்கு ஒரு பைபிள் வசனம் ஒப்பிக்கச் சொன்னால், பசங்க எல்லாரும் யோவான் 11:35க்குத்தான் அடிச்சுக்குவோம். பக்தி எல்லாம் இல்லீங்க. ஆங்கிலத்தில் அது மொத்தமே ரெண்டு வார்த்தை! லாசருவின் சாவுக்கு வந்த இடத்தில் இயேசு அழுததைச் சொல்லும் வசனம். புதிய ஏற்பாட்டுக்கு இப்போ நாம பார்க்கிற வசன எண்களை 1551ல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். புண்ணியவான், எத்தனை பசங்களைக் காப்பாத்தியிருக்கார்!

அந்த அத்தியாயத்தை முழுசாப் படிச்சது ரொம்ப நாள் கழிச்சு, எங்க அப்பா போன பிறகுதான்.

கதை இதுதான். எருசலேமுக்குப் பக்கத்தில் பெத்தானியாங்கிற ஊர். லாசருவுக்கு உடம்பு சரியில்லைன்னு அக்கா தங்கச்சிங்க மார்த்தாளும் மரியாளும் ஆள் அனுப்புறாங்க. இயேசு ரெண்டு நாள் தாமதிச்சுத்தான் கிளம்புறார். வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வெச்சு நாலு நாள் ஆச்சு. மார்த்தாள் ஓடி வந்து, நீங்க இங்க இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டானேங்கிறா. அவளுக்கு உயிர்த்தெழுதலைப் பத்தி விளக்கம் சொல்றார். அப்புறம் மரியாள் வந்து காலில் விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்றா. இவளுக்கு விளக்கம் கிடையாது. எங்கே வெச்சிருக்கீங்கன்னு மட்டும் கேட்கிறார். உடனே அந்தக் குட்டி வசனம்.

இத்தனைக்கும் லாசருவை எழுப்பத்தான் போறேன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சீடர்களிடம் சொல்லிட்டுத்தான் வர்றார். எங்க பாஷையில் சொன்னா, 'ஃபிக்ஸ்' கையில் ரெடி. அப்படி இருந்தும் முதலில் அழுகை. சாஃப்ட்வேர்காரன் மண்டைக்கு இது லேசில் ஏறாது. தீர்வு இருந்தா நேரா தீர்வைச் சொல்லிப் பழகினவங்க நாங்க. குருடன் கண்ணைத் திறந்தவருக்கு இந்தச் சாவைத் தடுக்க முடியாதான்னு அங்கேயும் நாலு பேர் பேசியிருக்காங்க (37ம் வசனம்). ரூட் காஸ் அனாலிசிஸ் கோஷ்டி எல்லாக் காலத்திலும் உண்டு போல.

எங்க வீட்டுக்கும் வந்தாங்க. சுகர் இருந்துச்சா, எத்தனை மணிக்கு வலி வந்துச்சு, ஏன் மதுரைக்குக் கொண்டு போகலை... துக்கம் விசாரிக்கிறதுன்னா நிஜமாவே விசாரணைதான் சிலருக்கு. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. அம்மா சொன்னது ஒண்ணுதான் தாங்கலை. "நீ ஊர்ல இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாருடா."

நான் பெங்களூரில். வீடு கோவில்பட்டியில். வலி வந்து இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிஞ்சது. பக்கத்து அறையில் இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரே சொன்னார். அம்மாவும் அதைக் கேட்டாங்க. ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவையாவது போனில் இந்த வாக்கியம் வந்துடும்.

இப்போ அந்த வாக்கியத்தை விட்டுட்டு குரலைக் கவனிக்கிறேன். சில நாள் அம்மா மார்த்தாள். அந்த மாத்திரையை நிறுத்தினது தப்பா, ஈசிஜி முன்னாடியே எடுத்திருக்கணுமான்னு கேள்வி மேல கேள்வி. அன்னைக்கு டாக்டர் சொன்னதைப் பொறுமையா மறுபடி சொல்வேன், அவங்களுக்கு அது வேணும். சில நாள் மரியாள். குரல் பாதியிலேயே உடைஞ்சுடும். அப்போ டாக்டரை நடுவில் கொண்டு வர்றதில்லை. சொல்லத்தான் நாக்கு துடிக்கும், அதுவும் ஆபீஸ் காரிடாரில் நின்னு பேசும்போது, மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது. ரெண்டு வார்த்தையில் முடிச்சுடலாமேன்னு தோணும்.

போன ஞாயித்துக்கிழமையும் சொன்னாங்க. "ஆமாம்மா, எனக்கும் அப்பா ஞாபகமாவே இருக்கு"ன்னேன். அதுக்கு மேல எனக்கும் பேச வரலை. ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "சரி, சாப்பிட்டியா?"ன்னாங்க.