அளந்து காட்டிய அன்னா மணி!

எனக்குச் சொந்த ஊர் கூக்கால். பழனி மலையில் கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும்தான் எங்களுக்குச் சோறு போடுது. மழை வருமா, உறைபனி விழுமா என்று வானத்தைப் பார்த்தே பிழைக்கிற சனம் நாங்க. அதனால்தானோ என்னவோ, வானிலைக் கருவிகளுக்காகவே வாழ்ந்த ஒரு பெண்மணியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவர்தான் அன்னா மணி.

1918-ல் திருவிதாங்கூர் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டில் வைரத் தோடு கொடுத்தார்களாம். "அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும்" என்று கேட்டு வாங்கிய பிள்ளை! 1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம். பிறகு பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடம். தோடாக வேண்டாத வைரத்தை அங்கே ஒளியில் வைத்து ஆராய்ந்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். கிடைத்த பதில் என்ன தெரியுமா? எம்.எஸ்ஸி. இல்லை, ஆகவே டாக்டர் பட்டமும் இல்லை! கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்கு வரவேயில்லை.

அதற்காக அவர் மூலையில் உட்காரவில்லை. இயற்பியல் படிக்க நினைத்தவருக்கு, லண்டனில் வானிலைக் கருவிகளைப் படிக்கத்தான் உதவித்தொகை கிடைத்தது. சரி என்று அதையே கற்றார். 1948-ல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார்.

நண்பர்களே, இனிமேல்தான் நம்ம சங்கதி வருது! அப்போது நம் நாட்டுக்குப் பல கருவிகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அவற்றை இங்கேயே செய்ய, ஏறக்குறைய 100 கருவிகளுக்கு அன்னா மணி டிராயிங்குகளைத் தரப்படுத்தினார். டிராயிங் சரியில்லை என்றால் ஒரு லேத்தில் கடைந்தது இன்னொன்றில் பொருந்தாது. இது நமக்குத் தெரியாததா? 1953-ல் அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தவறான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவர் கொள்கை.

1960-களில் பலூனில் கட்டி அனுப்பும் ஓசோன் கருவியை அவர் குழு உருவாக்கியது. ஓய்வு பெற்றது 1976-ல். அப்புறமும் சும்மா இருந்தாரா? சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980, 1981-ல் இரண்டு புத்தகங்கள். நாடெங்கும் காற்றின் வேகத்தையும் அளந்தார். உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தால் எனக்கு அவர் நினைப்புதான் வரும். 2001-ல் மறைந்தார்.

"வெறும் டிப்ளமோதானா?" என்று நம்மைக் கேட்பவர்கள் கேட்கட்டும். வெர்னியரைக் கையில் எடுத்தால், கடைசிக் கோடு வரை சரியாகப் படிப்போம். அதுதான் நம்ம பதில்!