நிற்கக் கற்ற கதை

முப்பத்தாறு வயதில் ஒரு ரயில்வே குமாஸ்தா சக்கரப் பலகையின்மீது ஏறிச் சரிவுப் பாதையில் சறுக்கப் பழகினான் என்றால் சங்கத்து அன்பர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். நமது இல்லத்தில் முதலில் நகைத்தார்கள், பின்னர் அழுதார்கள். இப்பொழுது பேசாதிருக்கிறார்கள்.

நாம் வசிப்பது இகத்புரியில். சென்ற ஆண்டு நமது குமாரனின் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு, அவன் பல மாதம் கேட்டு வந்த ‘லாங்போர்டு’ என்னும் நீண்ட சக்கரப் பலகையை வாங்கிக் கொடுத்தோம். ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. அதை நாம் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது குடியிருப்பின் சரிவுப் பாதை பெருஞ்சாலையோடு சேருமிடத்தில், அவன் பலகையிலிருந்து சாக்கடையில் குதித்தான். பலகை மட்டும் நேரே ஓடி ஒரு லாரியின் அடியில் நுழைந்து அப்புறமாக வெளிவந்தது. லாரிக்காரர் இறங்கிவந்து வைத வசவுகள் அனைத்தும் பையனுக்கு உரியவை அல்ல, நமக்கு உரியவை.

“அதை அடுப்பில் போடுங்கள்” என்றாள் இல்லாள். நாம் பரணில் போட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இகத்புரியிலிருந்து கசாராவுக்கு இறங்கும் மலைப்பாதையின் சரிவு 37 அடிக்கு 1 அடி. பிரேக்கைச் சோதிக்காமல் இங்கிருந்து வண்டி இறங்குவதில்லை. அதையும் மீறிக் கட்டுக்கடங்காது ஓடிவரும் வண்டியைப் பிடித்து நிறுத்தவே தனியாக ‘கேட்ச் சைடிங்’ என்னும் கிளைப்பாதையும் உண்டு. இத்தகைய ஊரின் உப்பைத் தின்னும் நாம், பெற்ற பிள்ளைக்குப் பிரேக் இல்லாத வண்டியைப் பரிசளித்தோமே என்பதே மனத்தை அறுத்தது.

பிறகுதான் விசாரித்து அறிந்தோம். இப்பலகையில் செய்யும் ‘ஸ்லைடு’ என்னும் சறுக்கல், பார்ப்போர்க்குக் கழைக்கூத்தாகத் தோன்றினாலும், உண்மையில் அதுவே அதன் பிரேக். ஓடும் பலகையைப் பாதைக்குக் குறுக்கே திருப்பினால் சக்கரங்கள் உருளாமல் தேய்ந்து வழுக்கும். வேகம் உராய்வாகவும் சூடாகவும் கழிந்துவிடும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெர்க்லி நகரத்துக் குன்றுகளில் கிளிஃப் கோல்மன் என்பவர் இதை ஒரு முறையாக வகுத்தார். அவர் பெயராலேயே ‘கோல்மன் ஸ்லைடு’ என்று இன்றும் வழங்குகிறது. களிமண் சக்கரங்கள் போய்ப் பாலியூரித்தேன் சக்கரங்கள் வந்த காலமும் அதுவே.

முதற்பாடம் அதுதான். நன்றாகக் குந்திக்கொண்டு, முதலில் விரல்பக்கம் சற்று வளைந்து, உடனே குதிகால்பக்கம் அழுத்தித் திருப்பி, முன்கையைத் தரையில் ஊன்ற வேண்டும். கைக்குத் தடித்த உறையும், உள்ளங்கையில் வழுக்கும் பிளாஸ்டிக் வில்லையும் வேண்டும். அவ்வில்லைக்காக நாம் சமையலறைக் காய்கறிப் பலகையை வட்டமாக அறுத்ததும், மறுநாள் சாம்பார் வைக்காமலே இல்லாள் அதற்குப் பதில் சொன்னதும் தனிக் கதை.

தான் விழாததைப் பிள்ளையை விழச் சொல்லலாகாது என்று முதலில் நாமே பழகினோம். விடியற்காலையில், தலைக்கவசமும் முழங்கால் கவசமும் அணிந்து, பாதையின் அடியில் ஓர் ஆளைக் காவல் நிறுத்திப் பழகினோம். இரு மாதத்தில் குந்திச் சறுக்குதல் இருவர்க்கும் கைவந்தது. ஈரப் பாதையில் சக்கரம் எப்பொழுது வழுக்கும், எப்பொழுது பிடிக்கும் என்று சொல்ல முடியாதாதலால், மழைக்காலம் முழுவதும் பலகை பரணிலேயே கிடந்தது.

மழை நின்றதும் அடுத்த படியை எடுத்தோம். கை ஊன்றாமல் நின்றபடியே சறுக்குவது அது. இதில்தான் சங்கடம். அச்சத்தால் பலகையைப் பாதியளவே திருப்பினோம். வழுக்கத் தொடங்கிய சக்கரங்கள் சட்டென்று தரையைப் பிடித்துக்கொண்டன. பலகை நின்றது, நாம் நிற்கவில்லை. முன்னே வீசப்பட்டு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் இடது கையில் மாவுக்கட்டோடு அலுவலகம் சென்றோம். பின்னர் விளங்கிய உண்மை இது: முழுத் துணிவோடு திருப்புகிறவனைவிட அரை மனத்தோடு திருப்புகிறவனுக்கே அபாயம் அதிகம். மற்றொன்று, பயந்து பின்னே சாய்ந்தால் பலகை காலின் கீழிருந்து ஓடிவிடும். உடலின் பாரம் பலகையின் மேலேயே, முன்காலில் சற்று மிகுதியாக இருத்தல் வேண்டும்.

கட்டு அவிழ்த்தபின் குதிகால்பக்கச் சறுக்கல் நின்றபடியே வந்தது. எஞ்சியது விரல்பக்கச் சறுக்கல். இதுவே எல்லாவற்றிலும் கடினம். ஏனெனில் முன்னதில் முகம் பள்ளத்தை நோக்கியிருக்கும், போகுமிடம் தெரியும். இதிலோ பள்ளத்துக்கு முதுகு காட்டி, மேட்டைப் பார்த்தபடி கால்விரல்களால் அழுத்த வேண்டும். தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பினால்தான் வழி தெரியும். லாரியைக் கண்ட கண்கள் அல்லவா? முதுகைக் காட்ட மனம் ஒப்பவில்லை.

தைத் திங்களில் ஒருநாள் காலை, குமாரன் அதை நின்றபடியே செய்துவிட்டான். பாதையில் நான்கு வெண்கோடுகளைத் தேய்த்து வைத்து, பெருஞ்சாலைக்கு நெடுந்தூரம் இப்பாலேயே நின்றான். பிறகு மேலேறி வந்து, “அப்பா, காலைப் பார்க்காதீர்கள். போகிற இடத்தைப் பாருங்கள். கால் தானே வரும்” என்றான். பதினைந்து ஆண்டு உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியின் சொல்லையும் நாம் இவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.

நமக்கு அது இன்னும் முழுமையாக வரவில்லை. பத்தில் மூன்று தடவை வருகிறது. மற்ற ஏழுக்கும் முழங்கால் கவசம் சாட்சி.

இல்லாள் இன்றும் பார்க்க வருவதில்லை. ஆனால் சென்ற வாரம், பையன் புறப்படும்பொழுது, “கையுறை எடுத்துக்கொண்டாயா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். புதிய காய்கறிப் பலகை ஒன்று வாங்கி வரும்படி நமக்கும் கட்டளை பிறந்திருக்கிறது. இரண்டாக வாங்கி வரச் சொன்னாள்.

பிள்ளைகளுக்கு வேகமான பொருள்களை வாங்கிக் கொடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது எப்படி ஓடும் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். எப்படி நிற்கும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.