நாலா, ஐந்தா?

கீரியிலும் அயலிலும் உள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கேள்வி கொடுத்தோம். வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பின் சூத்திரத்தில் மொத்தம் எத்தனை அணு? அதை எழுதும்போது முதலில் கல்சியத்துக்கு சிஏ, பிறகு அடைப்புக்குறிக்குள் ஓஎச், அடைப்புக்குறிக்கு வெளியே கீழே சின்னதாக ஒரு 2.

அரைவாசிப் பேருக்கு மேல் 4 என்று எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனையால் பிழை போட்டோம். "கவனமில்லை" என்று ஏசியும் விட்டோம்.

பாடம் முடிந்ததும் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை கொப்பியோடு வந்தா. "சேர், கீழ இருக்கிற இலக்கம் அதுக்கு முன்னால இருக்கிற எழுத்துக்குத்தான் எண்டு நீங்கதானே சொன்னீங்க. இங்க முன்னால இருக்கிறது எச் தானே?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. தண்ணீரின் சூத்திரத்தைப் படிப்பித்தபோது அப்படித்தான் சொல்லியிருந்தோம். அடைப்புக்குறி வந்தால் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. பிள்ளை நாங்கள் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறா. பிழை எங்களுடையது.

அடுத்த நாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டுவிட்டு, நோன்புக்குக் கொடுக்கிற உலர் உணவுப் பொதியை வைத்து விளங்கப்படுத்தினோம். ஒரு பொதிக்குள் ஒரு பக்கற் சீனி, ஒரு பக்கற் பருப்பு. வீட்டுக்கு 2 பொதி வந்தால் பருப்பு மட்டுமா இரண்டாகும்? சீனியும் இரண்டுதான். அடைப்புக்குறிதான் அந்தப் பொதி. அப்படியென்றால் கல்சியம் 1, ஒட்சிசன் 2, ஐதரசன் 2. மொத்தம் 5. வகுப்பே சிரித்துக்கொண்டு திருத்தியது.

பிறகு எங்கள் மன்னார் உப்புக்கு வந்தோம். என்ஏசிஎல். எழுத்து நாலு, அணு இரண்டுதான். பெரிய எழுத்து வந்தால் புது மூலகம், பக்கத்தில் வரும் சின்ன எழுத்து அதன் பெயரில் ஒரு பகுதி.

கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னமே படிகிற ஜிப்சத்தையும் எடுத்தோம். கல்சியம் சல்பேற்று, ஒரு புள்ளி, பிறகு 2 தண்ணீர். முன்னால் நிற்கிற அந்த 2 தண்ணீர் முழுவதையும் பெருக்கும். கல்சியம் 1, கந்தகம் 1, ஒட்சிசன் 4உம் 2உமாக 6, ஐதரசன் 4. மொத்தம் 12.

இது சின்ன விசயம் இல்லை. சமன்பாட்டைச் சமப்படுத்துவதும் மூலக்கூற்றுத் திணிவு காண்பதும் இந்த எண்ணலில்தான் தொடங்குகிறது. இங்கே தடக்குப்படுகிற பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை வரும்போது "எனக்கு சயன்ஸ் வராது" என்று ஒதுங்கிவிடும். அதை நம்பி வீட்டிலும் விட்டுவிடுவோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கொப்பியில் சிவப்புக் கோடு கண்டால் உடனே ஏசாதீர்கள். "ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒருக்காக் கேளுங்கள். அதற்கு இரசாயனவியல் தெரியத் தேவையில்லை. எங்களுக்கும் இது புத்தியாக இருக்கட்டும்.

பிள்ளைகளே, வயலுக்குப் போடுகிற யூரியா: காபன் 1, ஒட்சிசன் 1, அடைப்புக்குறிக்குள் என்எச்2, வெளியே 2. மொத்தம் எத்தனை? விடையைக் கீழே எழுதுங்கள். பிழைத்தாலும் பரவாயில்லை, எப்படி எண்ணினீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.